சோறு போடாதவன் கேட்கக் கூடாத கேள்வி

1

தர்ஷினி, கிஷோர், இரண்டு பேரும் உட்கார்ந்து படியுங்கள். படுத்துக்கொண்டு போனைப் பிடித்தால் பாதியில் வேறு எதையாவது பார்க்கப் போய்விடுவீர்கள் என்று எனக்குத் தெரியும்.

நான் இந்த தார் எஸ் சலாமில் வந்து இறங்கி இன்றோடு மூன்று வருடம். காலையில் எழுந்ததும் அதை உங்களுக்கு வாய்ஸ் மெசேஜில் சொன்னேன். கிஷோர் பதிலுக்கு ஒரு சிங்கத்தின் படம் அனுப்பினான். தம்பி, இந்த மூன்று வருடத்தில் நான் பார்த்த ஒரே சிங்கம், நான் வேலைக்குப் போகும் மினி பஸ்ஸின் முதுகில் வரைந்திருப்பது. அதற்கும் ஒரு கண்தான். இன்னொரு கண் இருந்த இடத்தில் சேறு.

தர்ஷினி, நீ வாய்ஸில் அனுப்பியதை அப்படியே எழுதுகிறேன்.

"அப்பா, ஸ்வாஹிலி கத்துக்கினு நான் இன்னா பண்ணப் போறேன்? அங்க ஸ்கூல்ல அது கம்பல்சரியாமே? சரி, வேர்டு, இங்கிலீஷ் மீனிங், எக்ஸாம்பிள் சென்டென்ஸ் எல்லாம் போட்டு அனுப்பு. பார்த்துட்டு சொல்றேன். ஆனா நான் வர்றேன்னு சொல்லல."

கடைசி வாக்கியத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டேன். குரலில் எங்கேயாவது ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. உங்கள் அம்மா செல்வி எப்படி ஒரு தடவை வேண்டாம் என்றால் வேண்டாமோ, அதே குரல்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் எழுதிவிடுகிறேன். என் வேலை அனுமதி முடியப்போகிறது. அடுத்த வாரம் ஒரு அதிகாரி எங்கள் பிளாஸ்டிக் கம்பெனிக்கு வந்து பார்ப்பார். அவர் சரி என்றால் அனுமதி நீளும், கம்பெனி வீடு கொடுக்கும், நீங்கள் மூன்று பேரும் இங்கே வந்து என்னோடு இருக்கலாம். இல்லை என்றால் நான் பாகூருக்குப் பெட்டி கட்ட வேண்டும். அம்மா வருகிறேன் என்கிறாள். கிஷோர் சிங்கத்துக்காக வருகிறான். தர்ஷினி, நீதான் பாக்கி. அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் பத்தாவது வரைக்கும் படித்தவன். இங்கிலீஷ் அர்த்தம் எங்காவது தப்பாக இருந்தால் நீயே திருத்திக்கொள். என்னைத் திருத்துவதில் உனக்கு ஒரு சந்தோஷம் உண்டு.

2

லேத்தே. இங்கிலீஷில் பிரிங். உதாரணம்: லேத்தே சாய். டீ கொண்டு வா.

ஹராக்கா. இங்கிலீஷில் குயிக். உதாரணம்: ஃபன்யா ஹராக்கா. சீக்கிரம் செய்.

சஃபீஷா. இங்கிலீஷில் கிளீன். உதாரணம்: சஃபீஷா ஹாப்பா. இங்கே சுத்தம் பண்ணு.

இது நான் எழுதியது இல்லை. வந்த அன்றே கம்பெனியில் இந்தியர்களுக்கு மட்டும் கொடுத்த கையடக்கப் புத்தகத்தில் இருப்பது. தொகுத்தவர் எங்கள் மேனேஜர். நம் பக்கத்து ஆள் இல்லை, ஆனால் தமிழ் பேசுபவர், பெயர் வேண்டாம். மொத்தப் புத்தகமும் இப்படித்தான். ஏன் லேட்டு, அதைத் தூக்கு, வெளியே போ, சாவியை எடுத்து வா. இதை மட்டும் படித்துவிட்டு வருகிறவனுக்கு, இந்த நாட்டில் இருக்கிற அத்தனை பேரும் கையில் டீயை வைத்துக்கொண்டு லேட்டாக வந்துகொண்டே இருக்கிறார்கள் என்றுதான் தோன்றும்.

கடைசிப் பக்கத்தில் அசாந்தே என்று ஒரு சொல். இங்கிலீஷில் தேங்க்ஸ். அதற்கு மட்டும் உதாரண வாக்கியம் இல்லை. மேனேஜருக்கு ஒன்றும் தோன்றவில்லை போலிருக்கிறது.

சிரிக்காதே. சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் வடநாட்டுப் பையன்களோடு வேலை செய்ய நாங்கள் எல்லோரும் கற்றுக்கொண்ட இந்தியும் இதே ரகம்தான். இதர் ஆவ், ஜல்தி, உட்டாவ். அந்த இந்தியை வைத்துக்கொண்டு ஒருவனிடம் உங்கள் அம்மா நலமா என்று கேட்க முடியாது. யாரும் கேட்கவும் இல்லை.

ஆனால் நீ பயப்படுகிற அளவுக்கு இது வேற்று மொழி இல்லை. மேசைக்கு இங்கே மேசா. பேனாவுக்குக் கலாமு. தாயாரி என்றால் இங்கிலீஷில் ரெடி, தமிழில் தயார். போன வருடம் லீவில் வந்தபோது வில்லியனூர் ஹார்டுவேர் கடை பாயிடம் வக்காத்தி என்றால் நேரம், கித்தாபு என்றால் புத்தகம் என்று பெருமையாகச் சொன்னேன். பாய் தராசில் ஆணியைக் கொட்டிக்கொண்டே, "இதக் கத்துக்கவா, ஏழுமல, கப்பலேறிப் போன? எங்க வூட்டுக்கு வந்திருந்தா சும்மாவே சொல்லிருப்பனே" என்றார்.

3

ஹபாரி. இங்கிலீஷில் நியூஸ். உதாரணம்: ஹபாரி சா நியும்பானி? வீட்டில் என்ன சேதி?

இங்கே மனிதனைப் பார்த்தால் முதலில் சேதி கேட்க வேண்டும். காலைச் சேதி, வீட்டுச் சேதி, வேலைச் சேதி, பிள்ளைகள் சேதி. எல்லாவற்றுக்கும் பதில் ன்ஸூரி. இங்கிலீஷில் குட். மெஷின் நின்றுபோயிருக்கும், எண்ணெய் தரையில் ஓடிக்கொண்டிருக்கும், ஆனாலும் முதலில் ன்ஸூரி. அதற்குப் பிறகுதான், "ஆனால் மெஷின் நின்னுபோச்சு." எங்கள் மேனேஜர் இதை மூன்று வருடமாக நேர விரயம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் அதைப் பற்றி அரைமணி நேரம் மீட்டிங் போட்டுச் சொல்கிறார்.

வந்த புதிதில் எனக்கு இந்த நீளமான விசாரணை எல்லாம் வாயில் நுழையவில்லை. நமக்கு இருப்பது ஒரே விசாரணை. காலை, மாலை, கல்யாணம், கருமாதி, எங்கே யாரைப் பார்த்தாலும் "சாப்டியா?" வாட்ச்மேனிடம் அதற்கு என்ன சொல் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். உமெக்குலா. மறுநாள் காலை ஷிஃப்ட்டில் ஒவ்வொரு மெஷினாகப் போய், நம் ஊர் மரியாதை குறையாமல், சிரித்த முகத்தோடு கேட்டேன். உமெக்குலா? உமெக்குலா?

எல்லோரும் பாடோ என்றார்கள். இங்கிலீஷில் நாட் யெட். சொல்லிவிட்டு அவர்களும் சிரித்தார்கள். எனக்கு ஒரே பூரிப்பு. மேனேஜருக்குக் கிடைக்காத சிரிப்பு எனக்குக் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

மத்தியானம் பெல் அடித்தது. டிபன் பாக்ஸைத் திறந்துவிட்டு நிமிர்ந்தால், என் மேசையைச் சுற்றி ஒரு கும்பல். எல்லோரும் கை கழுவியிருக்கிறார்கள். பாக்ஸில் இருந்தது ஒருவனுக்குக் காணாத தயிர்சாதம், ஒரு துண்டு எலுமிச்சை ஊறுகாய்.

கும்பலின் பின்னால் நின்ற ஒரு பெண்தான் விஷயம் புரிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ரெஹெமா. வாளி போடும் மெஷினில் ஆபரேட்டர். அவளிடம் என் பெயரைச் சொன்னபோதே, ஏழுமலை தன் வாயில் நுழையாது என்று, "மூத்த பிள்ளை பேர் என்ன?" என்று கேட்டு வைத்துக்கொண்டவள். இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். தர்ஷினி, இந்தக் கம்பெனியில் எனக்குப் பெயர் பாபா தர்ஷினி, தர்ஷினியின் அப்பா. நீ வரமாட்டேன் என்கிற ஊரில் உன் பெயரைக் காலையிலிருந்து மாலை வரை கத்திக்கொண்டிருக்கிறார்கள்.

"பாபா தர்ஷினி," என்றாள் ரெஹெமா. நிறுத்தி நிறுத்திச் சொன்னதால் எனக்கும் விளங்கியது. "அது சோறு போடறவன் கேக்கற கேள்வி. தட்டு இல்லாம கேக்கக் கூடாது."

வேறு வழி? கேட்டுக்கு வெளியே சோறு விற்கும் அம்மாவிடம் ஆள் அனுப்பி, எல்லோருக்கும் உகாலியும் பீன்ஸும் வாங்கி வரச் சொன்னேன். உகாலி என்பது வெள்ளைச் சோள மாவில் கிண்டும் களி. நம் கேழ்வரகுக் களிக்கு அண்ணன், ஆனால் ருசியில் தம்பி. அன்று சாயங்காலம் வரை ஒரு மெஷினும் மக்கர் பண்ணவில்லை.

கரீபு. இதையும் எழுதிக்கொள். இங்கிலீஷில் வெல்கம். ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நீ அந்தப் பக்கம் போனால், தட்டைச் சற்று நகர்த்தி கரீபு என்பார்கள். தட்டில் ஒரு கைதான் மிச்சம் இருந்தாலும் சொல்வார்கள். நம் சேதராப்பட்டு கேன்டீனில் எப்படி? கண் பட்டுவிடும் என்று ஆளாளுக்குச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவோம். முட்டை இருக்கிற அன்று இன்னும் கொஞ்சம் சுவரை ஒட்டி.

ரெஹெமா சொன்ன அன்று சாயங்காலமும் உங்களுக்கு போன் பண்ணினேன். பழக்கத்தில் "சாப்டியா?" என்றேன். நீ "ம்" என்றாய். அதற்குப் பிறகும் நான் நிறுத்தவில்லை. வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

4

நம் பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் வெளிநாடு போனவனுக்கு வரிசை உண்டு. பிரான்ஸ் போனவன் வீட்டுக்கு மாடி. துபாய் போனவன் வீட்டுக்கு கிரில் கேட். ஆப்பிரிக்கா போனவன் வீட்டுக்கு அனுதாபம். போன லீவில் உங்கள் மாமா, செல்வியின் தம்பிதான், எனக்குச் சிக்கன் பரிமாறிக்கொண்டே கேட்டான்.

"மச்சான், அங்க கரன்ட்டுலாம் கீதா?"

"இல்லடா. நான் வேல செய்யற மெஷினு விறகுல ஓடுது."

"நெசமாவா?"

"ஆமா. சிங்கந்தான் வெறவு பொறுக்கியாந்து போடுது."

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். அந்தக் கொஞ்ச நேரத்தை நான் மறக்கவே மாட்டேன்.

அதே லீவில்தான் தர்ஷினியை அரியாங்குப்பம் டியூஷனுக்கு பைக்கில் கொண்டுபோய் விட்டேன். பின்னால் உட்கார்ந்துகொண்டு அவள் கேட்டது இது. அம்மாடி, நீ மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை.

"அப்பா, அங்க நாங்க வந்தா நீ எவ்ளோ நேரம் வூட்ல இருப்ப?"

"ஷிஃப்ட் முடிஞ்சா வூடுதாம்மா."

"ஷிஃப்ட் எப்ப முடியும்?"

"அது... மெஷினப் பொறுத்து."

"அப்ப நாங்க வந்தாலும் அதே மேட்டர்தான். இங்க போன்ல கேக்கற, அங்க நேர்ல கேப்ப, சாப்டியான்னு. நான் ம்னு சொல்லுவேன். அதுக்கு எதுக்குப்பா ஃப்ளைட்டு? ஃப்ரெண்ட்ஸ எல்லாம் வுட்டுட்டு?"

ஹெல்மெட் போட்டிருந்ததால் நல்லதாகப் போயிற்று. காதில் விழாத மாதிரி ஓட்டினேன்.

5

கிபாலி. இங்கிலீஷில் பர்மிட். உதாரணம்: கிபாலி சாங்கு கிக்கோ வாப்பி? என் அனுமதி எங்கே?

ன்ஜோ கெஷோ. இங்கிலீஷில் கம் டுமாரோ. மேலே இருக்கிற கேள்விக்குப் பதில் இதுதான்.

முஹூரி. இங்கிலீஷில் சீல். உதாரணம் வேண்டாம். சீல் இருக்கிறவர் லீவில் இருப்பார். இதைப் படித்து ஆப்பிரிக்கா என்றால் இப்படித்தான் என்று உங்கள் மாமா சொன்னால், நம் ஊரில் ஒரு சான்றிதழ் வாங்க அவன் எத்தனை ஜன்னலுக்குக் குனிந்தான் என்று கேளுங்கள். ஜன்னல் எல்லா ஊரிலும் ஒரே உயரத்தில்தான் வைக்கிறார்கள். நாம் குனிய வேண்டிய உயரம்.

ம்ரீதி. இதுதான் முக்கியமான சொல். இங்கிலீஷில் சக்சஸர் என்று மேனேஜர் சொன்னார், ஸ்பெல்லிங் நீ பார்த்துக்கொள். வெளிநாட்டுக்காரன் இங்கே வேலை செய்தால், தன் வேலையை உள்ளூர் ஆள் ஒருவருக்குக் கற்றுக்கொடுத்து, தன் இடத்துக்குத் தயார் பண்ண வேண்டும். கற்றுத்தருகிறானா என்று அதிகாரி வந்து பார்ப்பார். நியாயமான சட்டம். நம் சேதராப்பட்டில் இப்படி ஒன்று இருந்தால் நானே கொடி பிடித்துப் போவேன். இங்கே நான் கொடியின் மறுபக்கம் நிற்கிறேன்.

எனக்கு ம்ரீதி ரெஹெமா. மேனேஜர் என்னை ரூமுக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"ஏழுமலை, கத்துக்குடுக்கற மாதிரி இருக்கணும். ஆனா அந்தம்மா கத்துக்கக் கூடாது. புரியுதா?"

"எப்படி சார் அது?"

"அதான் உங்க திறமை."

ஆக, கற்றுக்கொடுக்காவிட்டால் அனுமதி கிடையாது. கற்றுக்கொடுத்து முடித்தாலும் அனுமதி கிடையாது. நடுவில் ஒரு கயிறு கட்டி என்னை நடக்கச் சொல்கிறார்கள்.

நான் கற்றுத்தருகிற வேலையில் முக்கியமானது டை மாற்றுவது. வாளிக்கு ஒரு டை, பேசினுக்கு ஒரு டை. டை என்றால் இரும்பு அச்சு, ஒரு பைக்கை விடக் கனம் அதிகம். அதைச் சங்கிலியில் தொங்கவிட்டு மெஷினுக்குள் இறக்க வேண்டும். ஒருவர் சங்கிலி இழுப்பார், ஒருவர் பக்கத்தில் நின்று குரல் கொடுப்பார். குரல் ஒன்றுதான் இருக்க வேண்டும், மற்ற எல்லோரும் வாயை மூட வேண்டும். கொஞ்சம் பிசகினால் விரல் போகும்.

அதற்கான சொற்கள். ஷுஷா, இறக்கு. தாராத்தீபு, மெதுவாக. சிமாமா, நில். பாசி, போதும். இவை எல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் இரும்பு தலைக்கு மேல் ஆடும்போது மனப்பாடம் செய்தது எதுவும் வாய்க்கு வராது. எது வருமோ அதுதான் வந்தது.

அடுத்த வாரம் அதிகாரி வருகிறார். இன்னும் நிறைய இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டுமாம். பாடோ சானா. இரண்டே சொல். மேனேஜர் தினமும் என்னைச் சொல்லவைத்துப் பார்க்கிறார், ஒன்றாவது படிக்கிற பிள்ளைக்குப் பாட்டு சொல்லித்தருகிற மாதிரி.

6

மேலே இருப்பதைப் போன வாரம் அனுப்பினேன். இரண்டு பேரும் நீல டிக் காட்டினீர்கள். தர்ஷினி ஒரு கட்டைவிரல் அனுப்பினாள். நன்றி. இது அதிகாரி வந்துபோன பிறகு எழுதுவது.

வந்தவர் ஒரு அம்மா. கையில் பை, காலில் தட்டைச் செருப்பு, அவசரம் இல்லாத நடை. வந்ததும் ஒவ்வொருவரிடமும் சேதி கேட்டார். ரெஹெமாவிடம் வீட்டுச் சேதி, பிள்ளைகள் சேதி, அவள் அம்மாவின் முழங்கால் சேதி வரைக்கும் போயிற்று. பிறகு மேனேஜர் பக்கம் திரும்பி, "ஹபாரி சா நியும்பானி?" என்றார்.

மேனேஜர் முழித்தார். தான் தொகுத்த புத்தகம் முழுவதையும் மனதில் ஒரு தடவை புரட்டினார் என்று நினைக்கிறேன். அதில் வீடு இல்லை. சட்டென்று வாசல் பக்கம் திரும்பி, யாருமே இல்லாத இடத்தைப் பார்த்து, "லேத்தே சாய்!" என்று கத்தினார்.

அந்த அம்மா சாயைக் கண்டுகொள்ளவில்லை. "டை மாற்றிக் காட்டு" என்று ரெஹெமாவிடம் சொன்னார்.

ஜுமா என்கிற பையன் சங்கிலியைப் பிடித்தான். டை தரையிலிருந்து எழும்பியது. ரெஹெமா மெஷின் பக்கத்தில் நின்று கையைத் தூக்கினாள். எல்லோரும் வாயை மூடினோம். அவள் குரல் கொடுத்தாள்.

"எறக்கு... எறக்கு... மெல்ல, மெல்ல... டேய், இன்னா அவசரம்... வுடு, வுடு, வுடு... நிறுத்து. போதும்!"

தர்ஷினி, அத்தனையும் தமிழ். அப்படியே நம் வில்லியனூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற மாதிரி இருந்தது. ஜுமா ஒரு சொல்லுக்கும் தயங்கவில்லை. "டேய், இன்னா அவசரம்" என்பதற்குக்கூட ஒரு நிமிஷம் சங்கிலியை நிறுத்திவிட்டுத்தான் மறுபடி விட்டான். ஏனென்றால் நான் ஒவ்வொரு தடவையும் சரியாக அதே இடத்தில் அப்படித்தான் கத்தியிருக்கிறேன். அவர்கள் இரண்டு பேரும் அதையும் வேலையில் ஒரு படி என்று நினைத்துக் கற்றுவைத்திருக்கிறார்கள். டை எங்கேயும் உரசாமல் போய் உட்கார்ந்தது.

நான் மூன்று வருடமாக நாக்கைச் சுளுக்கிக்கொண்டு ஸ்வாஹிலி படித்தேன். அவள் வேலை பார்த்துக்கொண்டே என் பேச்சைப் படித்துவிட்டாள்.

அதிகாரி அம்மா கேட்டார், "இது எந்த மொழி?"

"மெஷினோட ஸ்வாஹிலி, மேடம்," என்றாள் ரெஹெமா, கொஞ்சமும் சிரிக்காமல்.

அந்த அம்மா என்னிடம் வந்தார். "இவளுக்கு நீங்கள் இன்னும் என்ன கற்றுத்தர வேண்டியிருக்கிறது?"

பின்னால் மேனேஜர் தொண்டையைச் செருமினார். பாடோ சானா. இரண்டே சொல். சொன்னால் வீடு வரும், நீங்கள் வருவீர்கள். ரெஹெமா கையில் கிரீஸோடு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஜுமா சங்கிலியைப் பிடித்தபடி நின்றான். மெஷினுக்குள் டை நேராக உட்கார்ந்திருந்தது, அதையும் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யூக்கோ தாயாரி," என்றேன்.

யூக்கோ என்றால் இருக்கிறாள். தாயாரிக்கு அர்த்தம் உனக்குத் தெரியும். இரண்டாவது பகுதியிலேயே எழுதியிருக்கிறேன்.

உங்களை நினைக்காமல் சொல்லவில்லை. நினைத்துத்தான் சொன்னேனா என்றால், அதுவும் சரியாகத் தெரியவில்லை. பைக்கில் நீ கேட்டது காதில் இருந்தது என்பது மட்டும் நிச்சயம்.

மேனேஜர் பிறகு என்னைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு வார்த்தை! ரெண்டே வார்த்தை சொல்லிக்குடுத்தேன்!"

"மறந்துபோச்சு சார். பொய் சொல்ற அளவுக்கு எனக்கு இன்னும் ஸ்வாஹிலி வரல. உங்க புக்குலயும் இல்ல."

இரண்டு நாளில் கடிதம் வந்தது. நாளைக்கு வா என்று யாரும் சொல்லாமல் எனக்குக் கிடைத்த ஒரே கடிதம் இதுதான். ஒரு வருடம். அதுவே கடைசி. அதற்குள் பொறுப்பை ரெஹெமாவிடம் கொடுத்துவிட வேண்டும். குடும்பத்தை அழைக்க முடியாது. கூடவே ஒரு நிபந்தனை: டை மாற்றும் சொற்களை எல்லாம் முறையான ஸ்வாஹிலியில், இங்கிலீஷ் அர்த்தத்தோடு, உதாரண வாக்கியத்தோடு எழுதிச் சுவரில் மாட்ட வேண்டும். உனக்கு எழுதிய பழக்கம் உதவுகிறது. ரெஹெமாவும் நானும் உட்கார்ந்து எழுதினோம். எல்லாம் சுலபமாக முடிந்தது. "டேய், இன்னா அவசரம்" மட்டும் மாட்டிக்கொண்டது. அது வேண்டாம் என்றேன். அது இல்லாமல் டை இறங்காது என்று அவள் ஒரே பிடிவாதம். கடைசியில் ஹராக்கா யா நினி என்று எழுதி மாட்டியிருக்கிறோம். இங்கிலீஷ் அர்த்தத்தில் டேய் வரவில்லை. உனக்குத் தெரிந்தால் சொல்.

இனி என் லீவு லெட்டரில் கையெழுத்துப் போடப்போவது ரெஹெமாதானாம். மேனேஜர் இதைத் தண்டனை மாதிரி சொல்கிறார். அவரிடம் லீவு கேட்டுப் பார்த்தவனுக்கு இது தண்டனையாகத் தெரியவில்லை.

ஊருக்கு வந்து என்ன செய்யப்போகிறேன் என்று நீங்கள் கேட்கவில்லை, அம்மா கேட்டாள். தெரியாது. என் வயதுக்குச் சேதராப்பட்டில் வாட்ச்மேன் தொப்பி ஒன்றுதான் காத்திருக்கிறது. அங்கேயாவது என் தமிழுக்கு அர்த்தம் எழுதி மாட்ட வேண்டியிருக்காது.

7

நேற்று இதை உங்களுக்குச் சொல்வதற்காக வீடியோவில் வந்தேன். உங்களுக்கு ராத்திரிச் சாப்பாட்டு நேரம், எனக்கு ஷிஃப்ட் முடிந்து கேட்டுக்கு வெளியே நிற்கிற நேரம். செல்வி போனைத் தண்ணீர்ச் சொம்பின் மேல் சாய்த்து வைத்தாள். உங்கள் மூன்று பேருடைய தட்டும் பாதிப் பாதி முகமும் தெரிந்தன.

எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வருடம், கடைசி, வீடு கிடையாது, நீங்கள் வர முடியாது.

கிஷோர்தான் முதலில் பேசினான். "அப்ப சிங்கம்?"

"பஸ்ஸு முதுவுல கீறத போட்டோ புடிச்சி அனுப்பறேன்."

"அதுக்கு ஒரு கண்ணுதான கீது?"

தர்ஷினி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். சந்தோஷமா, வருத்தமா என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நெட்வொர்க் வேறு கட்டம் கட்டமாகக் காட்டியது. வழக்கமாக நான் கேட்கிற கேள்வி நாக்கு நுனிக்கு வந்தது. கையில் தட்டு இல்லை என்று நினைவு வந்து, வாயை மூடிக்கொண்டேன். மூன்று வருடத்தில் முதல் தடவை.

தர்ஷினி, நீ நிமிர்ந்து பார்த்தாய். நான் கேட்பேன், ம் என்று சொல்லலாம் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. நான் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தட்டை ஒரு பக்கமாக நகர்த்தினாய். பக்கத்தில் தரையில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் வந்தது. வாய் நிறையச் சோற்றோடு சொன்னாய்.

"கரீபு."

"அப்டீன்னா இன்னாக்கா?" என்றான் கிஷோர்.

"படிச்சா தானடா தெரியும். வெல்கம்."

செல்வி கரண்டியோடு போனுக்குள் எட்டிப் பார்த்தாள். "கூப்புடறதெல்லாம் நல்லாத்தான் கீது. ஆளு வர்றதுக்கு ஒரு வருசம் ஆவும். அது வரைக்கும் இந்தக் கொழம்பு தாங்குமான்னு ஒங்கப்பாவயே கேளு."